கித்தானில் ஒரு பாத்திர ஸ்டாண்டு

அப்பா தன் வாழ்நாளில் அம்மாவைத் தவிர வேறு எந்தப் பெண்ணிடமும் பொய் சொன்னதில்லை. இதைச் சொன்னது அம்மாதான். அப்பா இறந்த பிறகு வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "தங்கமான மனுஷன், பொய் சூது தெரியாதவர்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த அம்மா, அடுத்து வந்தவரிடம் வாயைத் திறந்துவிட்டாள்.

"பொய் தெரியாதா? அதுக்குத்தானேங்க அவருக்கு அரசாங்கம் சம்பளமே கொடுத்துச்சு!"

வந்தவர் அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

அம்மா சொன்னதில் தப்பில்லை. இளவயதில் அப்பா ராணுவத்தில் இருந்தார். ஆனால் துப்பாக்கி தூக்கியதைவிடத் தூரிகை தூக்கியதுதான் அதிகம். பொய்ப் பீரங்கி செய்வது அவருடைய பிரிவின் வேலை. மூங்கிலைக் கட்டி, மேலே கித்தான் துணியை இழுத்துப் போர்த்தி, முன்னால் ஒரு குழாயைச் செருகி, பச்சையும் பழுப்புமாக வண்ணம் அடித்துவிட்டால் விமானத்திலிருந்து பார்க்கிறவனுக்கு அது பீரங்கி. பக்கத்தில் வந்து பார்க்கிறவனுக்கு அது துணி காயப்போட்ட கொடி. கூட இருந்தவர்கள் அட்டைப் பீரங்கி என்பதைச் சுருக்கி அவருக்கு 'அட்டை' என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். பழைய சிநேகிதர்கள் எங்கள் வாசலில் நின்று, "அட்டை இருக்கானா?" என்றுதான் குரல் கொடுப்பார்கள். அப்பாவும் உள்ளேயிருந்து, "நனைஞ்சு போச்சு, நாளைக்கு வா" என்பார்.

அவர் தோளில் ஒரு தழும்பு உண்டு. அண்ணன் பள்ளிக்கூடத்தில் அதைத் துப்பாக்கிக் குண்டு துளைத்த இடம் என்று பெருமையடித்துவிட்டு வந்தான். அப்பா அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "மூங்கில் சிலாம்புடா அது. ஆனா சண்டை நடக்கும்போதுதான் ஏறிச்சு. அதைச் சேர்த்துச் சொல்லு."

ராணுவத்திலிருந்து வந்ததும் ஒரு துணிக்கடையில் கண்ணாடி ஜன்னலை அலங்கரிக்கும் வேலை கிடைத்தது. சேர்ந்த புதிதில் ஒரு பொம்மைக்கு நல்ல உடை உடுத்தித் தெருவுக்கு முதுகைக் காட்டி நிறுத்திவிட்டார். முதலாளி பதறிப் போனார்.

"என்னய்யா இது, வர்றவங்களுக்கு முதுகைக் காட்டுது?"

"முகத்தைப் பார்க்கணும்னா உள்ள வரணுங்க."

வந்தார்கள். உள்ளே வந்து எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்தப் பொம்மை நாக்கைத் துருத்திக் காட்டியது. திட்டிக்கொண்டே துணி வாங்கிக்கொண்டு போனார்கள்.

கடை சாத்தினால் நேராக வீடு. சீட்டாட்டம் இல்லை, வெட்டி அரட்டை இல்லை. எங்கள் அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, அடுத்த தெருவில்தான் இருந்தாள். "கல்யாணம் ஆனதிலேர்ந்து எங்க அண்ணன் வழி தவறிக்கூட ஒரு தெரு போனதில்லை" என்பாள். புகழ்ச்சியாக அல்ல, அவள் வீட்டுக்கு அவர் வருவதே இல்லை என்ற புகாராக. வீட்டுக்கு வந்தவர் எதையாவது அறுத்துக்கொண்டோ ஒட்டிக்கொண்டோ இருப்பார். அம்மாவுக்கென்று ஒருமுறை தகரத்தில் ஒரு பூனை செய்தார். பால் பொங்கினால் வால் ஆடும் என்றார். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்த பிறகு வால் ஆடியது.

இப்படிப்பட்டவரின் வாழ்க்கையில் எதைச் சொல்வது, எதை விடுவது? அம்மா படுத்திருந்த அந்த ஒரு மாதத்தைச் சொன்னால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ராணுவத்தில் அவர் கற்றதெல்லாம் அந்த ஒரு மாதத்தில்தான் செலவாயிற்று.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. அம்மாவுக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் நடந்திருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்தபோதே அம்மா ஒரு காரியம் செய்தாள். பக்கத்துப் படுக்கைக்காரம்மாவின் மேசை கோணலாக இருந்ததாம். அதை நேராக்க எழுந்துவிட்டாள். நர்ஸ் போட்ட கூச்சலில் டாக்டரே ஓடி வந்தார்.

"அவங்க மேசை கோணலா இருந்தா உங்களுக்கு என்னம்மா?"

"கண்ணை உறுத்துது டாக்டர்."

டாக்டர் அப்பாவை வெளியே அழைத்துப் போனார். நானும் பின்னால் போய் நின்றேன். "சார், ஒரு மாசம் இவங்க படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது. ஒருக்களிச்சுப் படுக்கலாம். உக்காரக்கூட கூடாது. இடது கால்ல உணர்ச்சி இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா வருது. ஒழுங்கா இருந்தா நடப்பாங்க. இந்த மாதிரி மேசை நகர்த்தினா நான் பொறுப்பில்லை."

"வீட்ல நான் பார்த்துக்கறேன் டாக்டர்" என்றார் அப்பா. முகம் வெளுத்திருந்தது. அவருக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் ஒரு மேசைதான் இருந்தது. வீட்டில் ஒரு அடுப்படியே இருந்தது.

அம்மா வருவதற்கு முதல் நாள் அப்பா அடுப்படியைத் துப்புரவு செய்து அவளை அசத்திவிட நினைத்தார். ஒட்டடை அடிப்பதற்காக ஒரு காலை ஸ்டூலிலும் இன்னொரு காலைச் சுவரில் மாட்டியிருந்த பாத்திர ஸ்டாண்டிலும் வைத்தார். அம்மா ஆசை ஆசையாக வாங்கி, தட்டுகளை நிற்க வைத்து, டம்ளர்களைத் தொங்கவிட்டு, கண்ணில் வைத்துக் காப்பாற்றிய ஸ்டாண்டு அது. சுவர்ப் பூச்சையும் பெயர்த்துக்கொண்டு அப்பாவோடு கீழே வந்தது.

கொத்தனார் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். "உள்ளுக்குள்ள ஈரம் சார். முதல்ல இது காயணும். அப்புறம் பூசணும். பூச்சு காயணும். அதுக்கப்புறம்தான் ஆணி."

"எப்ப வர்றீங்க?"

"காஞ்சா சொல்லி அனுப்புங்க."

சிக்கல் என்னவென்றால், அம்மாவின் படுக்கையிலிருந்து பார்த்தால் இரண்டு கதவுகளைத் தாண்டி நேராகத் தெரிவது அந்தச் சுவர்தான். அந்த இடம் வெறுமையாக இருந்தால் அவள் எழுந்து வந்துவிடுவாள். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. அப்பா சிறிது நேரம் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து போய் அம்மாவின் படுக்கையில் நீட்டிப் படுத்துக்கொண்டார். மனசு விட்டுப் போயிற்று என்று நினைத்து அண்ணனும் நானும் பயந்து போய்ப் பார்த்தோம்.

"டேய்," என்றது படுக்கை. "அடுப்படிச் சுவர் பக்கத்துல போய் நில்லு. கரித்துண்டை எடுத்துக்கோ."

அங்கிருந்து எது தெரிகிறது, எது தெரியவில்லை என்று படுத்தபடியே கத்திக் கத்திக் குறி வைத்துக்கொண்டார். கூடத்து மேசை மறைத்ததால் சுவரின் மேல் பாதி மட்டும்தான் தெரிந்தது. கடையிலிருந்து கித்தான் துணி வந்தது, அதை இழுத்துக் கட்டிச் சுவரில் சாய்க்க மூங்கில் வந்தது, வண்ண டப்பாக்கள் வந்தன. இருட்டுவதற்குள் சுவரில் ஒரு ஸ்டாண்டு நின்றது. தட்டுகள் வரிசையாக மின்னின, டம்ளர்கள் தொங்கின, வாணலியின் அடியில் கரிகூட இருந்தது. கடைசியில் ஓரமாக ஒரு பிடிதுணியை அலட்சியமாக வீசிப் போட்டதுபோல வரைந்தார்.

"அது எதுக்குப்பா?" என்றான் அண்ணன்.

"ரொம்ப ஒழுங்கா இருந்தா எவனும் நம்ப மாட்டான். கொஞ்சம் அலங்கோலம் இருக்கணும். எங்க கேப்டன் சொல்வார்."

மறுநாள் அம்மாவைத் தூக்கி வந்து படுக்க வைத்தார்கள். அவள் முதலில் பார்த்தது பிள்ளைகளை அல்ல. கழுத்தை ஒருக்களித்து அடுப்படியைத்தான் பார்த்தாள்.

"பரவாயில்லையே" என்றாள். அப்பாவுக்கு மார்பு இரண்டு விரல் விரிந்தது. "ஆனா பிடிதுணியை யாரு அங்க போட்டது? என் ஸ்டாண்டு மேல துணி போடற பழக்கம் எப்பலேர்ந்து?"

கேப்டனுக்கு அம்மாவைத் தெரியாது. அப்பாவுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"இதோ எடுத்துடறேன்மா" என்று அப்பா உள்ளே போய் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டார். துணியை எடுப்பதற்குக் கதவு எதற்கு என்று அம்மா கேட்டாள். காற்று அடிக்கிறது என்று அண்ணன் சொன்னான். வெகுநேரம் கழித்துக் கதவு திறந்தபோது துணி போயிருந்தது. அப்பாவின் மூக்கு நுனியில் சுவர் நிறத்தில் ஒரு பொட்டு.

"என்னங்க, பெயின்ட் வாசனை வருது?"

"உன் மருந்து வாசனையா இருக்கும்."

இந்த நாடகம் இப்படியே ஓடியிருக்கும். பல்லிதான் கெடுத்தது. ஒரு மத்தியானம் நான் அம்மாவுக்குக் கரண்டியால் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். இருவர் கண்ணும் அடுப்படிப் பக்கம் இருந்தது. சுவரில் ஒரு பல்லி வந்தது. முதல் தட்டின் மேல் ஏறி, இரண்டாம் தட்டின் மேல் ஏறி, டம்ளர், வாணலி, கரண்டி என்று எதையும் சுற்றிப் போகாமல், எதற்குப் பின்னாலும் ஒளியாமல், நேர்க்கோடு கிழித்தது மாதிரி இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடியது.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கஞ்சியைப் பார்த்தேன்.

அம்மாவின் கை கட்டிலின் விளிம்பைப் பிடித்தது. முழங்கை ஊன்றியது. எழுந்துவிடப் போகிறாள். நான் அதிகம் பேசாத பெண். அவள் தோளில் கையை மட்டும் வைத்தேன். அப்போது அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் உற்சாகமாக வந்தது. "ஏம்மா, தண்ணி வேணுமா?"

அம்மாவின் முழங்கை மெதுவாக இறங்கியது. முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. பண்டம் திருடப் போகும் குழந்தையின் முகம்தான் அப்படி இருக்கும்.

"ஆமாங்க" என்று குரல் கொடுத்தாள். "ரெண்டாவதா தொங்குதே, அந்த டம்ளர்ல கொண்டு வாங்க." என் பக்கம் திரும்பி, "அப்பாகிட்ட சொல்லிடாதே" என்றாள்.

கதவு சாத்தப்பட்டது. உள்ளே ஒரே பரபரப்பு. அண்ணன் கீழே கிடந்த குவியலிலிருந்து டம்ளரைத் தேடிக் கழுவ, அப்பா இரண்டாவது டம்ளரைச் சுவர் நிறத்தால் மூடினார். தண்ணீர் வந்தது. அம்மா ஒரு வாய் குடித்துவிட்டு, "எடுத்த இடத்துலயே மாட்டிடுங்க" என்றாள்.

அன்றிலிருந்து ஆரம்பித்தது. இன்று வாணலியை இடம் மாற்றச் சொல்வாள். நாளை தட்டுகளைப் பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கச் சொல்வாள். "இந்தப் பக்கம் பாரமா இருக்கு, அந்தப் பக்கம் மாத்துங்க" என்று மொத்த ஸ்டாண்டையும் புரட்டிப் போட்டாள். அம்மா கண் மூடினால் அப்பா தூரிகை எடுத்தார். அம்மாவும் அவர் தூரிகை எடுக்கட்டும் என்றே கண் மூடினாள். பாவம், அடுப்படியின் கீழ்ப் பாதியில் உண்மையான பாத்திரங்கள் கழுவாமல் மலைபோல் குவிந்துகொண்டிருந்தன. வரைகிற நேரத்தில் கழுவியிருக்கலாம். எங்கள் வீட்டில் யாருக்கும் அது தோன்றவில்லை.

நடுவில் ஒருநாள் அத்தை வந்தாள். நேரே அடுப்படிக்குப் போய்விட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

"என்ன அண்ணே கூத்து இது? சுவர்ல துணியை மாட்டி—"

"எந்தத் துணி?" என்று அம்மா படுக்கையிலிருந்தே வெட்டினாள்.

"அண்ணி, அங்க ஸ்டாண்டே இல்லை. படம் வரைஞ்சு வச்சிருக்காரு!"

"எனக்குத் தெரியாதா என் ஸ்டாண்டு? தட்டு மின்னுது பாரு. வயசானா கண்ணைக் காட்டணும்மா, சும்மா விடக்கூடாது."

"எனக்கா வயசு? உங்களைவிட நான் சின்னவ அண்ணி!"

"அதான் சொல்றேன், இந்த வயசுலயே இப்படி ஆயிடுச்சேன்னு."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா தீவிரமாக நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை என்னைத் தனியே அழைத்து, "உங்கம்மாவுக்கு முதுகுல மட்டும்தான் ஆபரேஷன் பண்ணாங்களா?" என்று ரகசியமாகக் கேட்டுவிட்டுப் போனாள்.

அப்பாவின் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. கடையில் ஜன்னல் வேலை, வீட்டில் ஸ்டாண்டு வேலை. எனக்கு மனசு கேட்கவில்லை. அவர் கரண்டிக்கு நிழல் கொடுத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, அம்மாவுக்குத் தெரியும்."

தூரிகை நிற்கவில்லை. "எப்பலேர்ந்து?"

"பல்லி ஓடினதிலேர்ந்து."

"அப்படியா? பிடிதுணியிலேயே உங்கம்மா கண்டுபிடிச்சிட்டான்னு நினைச்சேன்."

"தெரிஞ்சுமா வரையறீங்க?"

அப்பா தூரிகையைத் துடைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். "எங்க வேலையில ஒரு நாள் விமானம் வந்துச்சு. நாங்க பள்ளத்துல படுத்திருக்கோம். நான் கட்டின பீரங்கி மேல குண்டு போட்டான் பாரு, தூள் தூளாப் போச்சு. நாங்க என்ன பண்ணோம் தெரியுமா? கை தட்டினோம். சமையல்காரர் எழுந்து ஆடினார். அவன் குண்டையெல்லாம் என் மூங்கில் மேல காலி பண்ணிட்டுப் போயிட்டான். நிஜப் பீரங்கி தோப்புக்குள்ள பத்திரமா இருந்துச்சு. பொய்ப் பீரங்கிக்கு அடி விழுந்தாத்தான் வெற்றி." படுக்கையறைப் பக்கம் தலையை ஆட்டினார். "உங்கம்மாவால சும்மா இருக்க முடியாது. யாரையாவது எதையாவது போட்டுப் படுத்தணும். இதைப் படுத்தட்டும். இதைப் படுத்தற வரைக்கும் படுக்கையிலதானே இருப்பா?"

மறுபடி தூரிகையை எடுத்துக்கொண்டார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதே" என்றார்.

ஆக, ஒரு மாதம் நான் இரண்டு பக்கமும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது கஷ்டமான வேலை அல்ல. அம்மாவும் எழுந்திருக்கவில்லை.

கெடு முடிந்த அன்று டாக்டர் வீட்டுக்கே வந்தார். அம்மாவை மெதுவாக உட்கார வைத்து, பிறகு நிற்க வைத்தார். ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் அண்ணன். இடது கால் தரையில் பட்டதும் நடுங்கியது. அப்பாவின் தோளை இறுகப் பிடித்தபடி நாலடி வைத்தாள். "விட்டுப் பாருங்க" என்றார் டாக்டர். அப்பா தோளை விலக்கியதும் அம்மா சாய்ந்தாள். மறுபடி பிடித்தார்கள். இன்னொரு முறை, அப்போதும் அதேதான்.

"பிடிச்சுக்கிட்டு நடக்கறாங்க. தானா நிக்கணும். பார்ப்போம்" என்றார் டாக்டர். அந்தப் 'பார்ப்போம்' என்பதில் தெம்பு இல்லை. அவர் போன பிறகு அப்பா சுவரில் சாய்ந்து நின்றார். ஒரு வேடிக்கைப் பேச்சும் அவர் வாயில் வரவில்லை. அப்படி அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அம்மாதான் பேசினாள். "என்னை அடுப்படிக்குக் கூட்டிட்டுப் போங்க."

"இப்ப எதுக்கு? நாளைக்கு—"

"கூட்டிட்டுப் போங்கன்னா."

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து அம்மா கூடத்தைக் கடந்தாள். ஸ்டாண்டின் முன்னால் நின்று, வரைந்த தட்டின் மேல் விரலை வைத்தாள்.

"என் தட்டுல ஓரம் நசுங்கியிருக்குமே."

"வரையும்போது நிமித்திட்டேன்."

பிறகு அம்மா கீழே பார்த்தாள். ஒரு மாதத்துப் பாத்திரம். பால் காய்ந்து ஓடாகிப்போன சட்டிகள், கஞ்சி ஒட்டிய கரண்டிகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பீங்கான் தட்டுகள். அப்பா தண்டனைக்கு நிற்கும் சிப்பாய்போல விறைப்பாக நின்றார். அம்மா பெருமூச்சு விட்டாள்.

"நாற்காலி போடுங்க." போட்டோம். உட்கார வைத்தோம். "இப்ப கழுவுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அப்பா சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு கழுவ ஆரம்பித்தார். பீரங்கி கட்டத் தெரிந்தவருக்குச் சட்டி தேய்க்கத் தெரியவில்லை. "அடியில தேயுங்க." "அது நார், முகத்தைத் துடைக்கிற துணி இல்லை." "ஏங்க, அதுக்கு வலிக்காது, அழுத்தித் தேயுங்க." அம்மாவின் குரல் நாற்காலியிலிருந்து ஓயாமல் வந்துகொண்டிருந்தது. அண்ணன் துடைத்தான், நான் அடுக்கினேன். அப்பா ஒரு பீங்கான் தட்டை அலசிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அதை அவகிட்ட கொடுக்காதீங்க! பின்பக்கம் சோப்பு அப்படியே இருக்கு."

"எங்க இருக்கு? சுத்தமாத்தான் இருக்கு."

"இருக்கா இல்லையா? இங்க பாருங்க, இங்க!"

குரல் மிகவும் பக்கத்தில் கேட்டது. அம்மாவின் விரல் தட்டின் அடியில் நுரையைத் தொட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. இன்னொரு கை இடுப்பில் இருந்தது. நாற்காலி பின்னால் காலியாக இருந்தது.

அப்பா தட்டைப் பார்க்கவில்லை. குனிந்து அம்மாவின் கால்களைப் பார்த்தார். இரண்டும் தரையில் ஊன்றியிருந்தன. தட்டு அவர் கையிலிருந்து நழுவிச் சுக்குநூறாயிற்று.

"உடைச்சிட்டீங்களா!" என்றாள் அம்மா. அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

அப்பா இன்னும் அந்தக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விடு, ஒண்ணு கழுவற வேலை மிச்சம்."